மலைக்கு மலிவு கார் ஆகுமா? டட்சன், க்விட் பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில்கள்

குன்னூரில் பட்டறை வைத்திருக்கிறேன். எந்தக் கம்பெனிக்கும் ஏஜென்ட் இல்லை, எந்தக் கம்பெனி மேலும் கோபமும் இல்லை. டட்சன், ரெனோ என்கிற பிரெஞ்சு கம்பெனியின் க்விட், அந்த விலையில் வரும் மற்ற சின்ன கார்கள் பற்றி நம் நீலகிரி மாவட்டத்துக்காரர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு மீதிக்குப் பதில் எழுதுகிறேன். விலை பேசித் தரச் சொன்னவர்கள் மன்னிக்கவும், அந்த வேலை எனக்கு வராது.

கேள்வி (கோத்தகிரி): அண்ணா, 2016 மாடல் டட்சன் கோ ஒன்று ரொம்பக் குறைந்த விலைக்கு வருகிறது. ஓடியதும் குறைவு. ஆனால் கம்பெனியையே மூடிவிட்டார்கள், ஸ்பேர் கிடைக்காது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். வாங்கலாமா?

பதில்: கம்பெனியை மூடவில்லை தம்பி, பெயர்ப்பலகையைத்தான் கழற்றினார்கள். டட்சன் என்பது நிசானுடைய பழைய பெயர். எண்பதுகளில் ஓரங்கட்டியதைத் தூசி தட்டி எடுத்து, 2013-இல் டெல்லியில் கோ காரைக் காட்டி, 2014 மார்ச்சில் விற்க ஆரம்பித்தார்கள். நம்ம ஒரகடத்தில் தயாரான வண்டிதான். 2022 ஏப்ரலில் நிறுத்தியபோது சர்வீஸ், ஸ்பேர், வாரண்டி எல்லாவற்றையும் நிசான் தொடர்ந்து பார்த்துக்கொள்ளும் என்று அறிவித்தார்கள். உள்ளே இருக்கும் 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜின் நிசான் மைக்ராவில் வந்த அதே குடும்பம், அதனால் ஃபில்டர், பிளக், பெல்ட் போன்றவற்றுக்கு அலைய வேண்டாம். இழுவையிலும் 800 சிசி வண்டிகளை விட நன்றாகவே ஏறும். பம்பர், டெயில் லேம்ப், கதவுக் கண்ணாடி மாதிரி அந்த வண்டிக்கு மட்டுமே உரியவை உடைந்தால்தான் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும், கோவைக்கும் ஒரு நடை போய்வர வேண்டியிருக்கும்.

ஆனால் நான் தயங்குவது ஸ்பேருக்காக இல்லை. 2014-இல் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்த காரை மோதவிட்டுப் பார்த்தபோது பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை, உடற்கூடே நிலையாக நிற்கவில்லை என்றார்கள். அந்த அமைப்பின் தலைவராக இருந்த மேக்ஸ் மோஸ்லி, வண்டியை விற்பனையிலிருந்து எடுங்கள் என்று நிசான் தலைவர் கார்லோஸ் கோஸனுக்கே கடிதம் எழுதினார். ஏர்பேக், ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) இரண்டும் எல்லா வேரியன்டிலும் வந்தது 2018 அக்டோபர் மாற்றத்துக்குப் பிறகு. நீங்கள் சொல்வது 2016. இன்னொன்று, அந்த மாடலில் ஹேண்ட் பிரேக் இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்காது, டேஷ்போர்டுக்கு அடியில் இழுத்துத் திருப்பும் பிடிதான். ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் பாதி விட்டுக் கிளம்பப் பழகிய மலைக்காரர்களுக்கு அது பெரிய இம்சை. கோத்தகிரி டவுனுக்குள் காய்கறி, ஸ்கூல் என்று சுற்றுவதற்கு மட்டும் என்றால் எடுங்கள். வாராவாரம் குடும்பத்தோடு மேட்டுப்பாளையம் இறங்குவீர்கள் என்றால் வேண்டாம், 2018-க்குப் பிந்தைய வண்டியாகத் தேடுங்கள்.

கேள்வி (மஞ்சூர்): என்னுடையது 800 சிசி கார். கீழே கோவையில் பறக்கிறது. ஊட்டி ஏறும்போது நான்கு பேர் உட்கார்ந்தால் செகண்டில் திணறுகிறது. சர்வீஸில் கேட்டால் எல்லாம் நார்மல் என்று அனுப்பிவிடுகிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை சார். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், குன்னூர் 1850, ஊட்டி 2240. ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய எண்பது சதவீதம்தான். டர்போ இல்லாத இன்ஜின் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் அந்த அளவுக்குச் சக்தியை இழக்கும். 54 குதிரைத்திறன் என்று புத்தகத்தில் போட்ட வண்டி ஊட்டியில் 43-க்குப் பக்கத்தில்தான் தரும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் கம்ப்யூட்டர் காற்றுக்கேற்றபடி பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும், அதனால் புகை வராது, ஆனால் இல்லாத காற்றை அதனால் உண்டாக்க முடியாது. நான்கு பேர், பை, ஏசி என்றால் ஃபர்ஸ்ட் போடத்தான் வேண்டும். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. நீங்கள்தான் செகண்டிலேயே அழுத்தி இன்ஜினை முக்க வைக்கிறீர்கள்.

வண்டியில் நிஜமாகவே கோளாறு இருக்கிறதா என்று பார்க்க, போன வருடம் செகண்டில் ஏறிய அதே ஏற்றத்தில் அதே ஆட்களோடு இப்போது ஏறவில்லையா என்று கவனியுங்கள். ஆமாம் என்றால் முதலில் ஏர் ஃபில்டர், அப்புறம் பிளக், அப்புறம் கிளட்ச். ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. அப்போது 'நார்மல்' என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், சர்வீஸ் ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஏற்றத்தில் ஓட்டிக் காட்டுங்கள். கோவையில் சமதளத்தில் ஒரு ரவுண்டு போய்விட்டு எழுதிக் கொடுக்கும் சான்றிதழுக்கு மலையில் மதிப்பில்லை.

கேள்வி (வெலிங்டன்): புது கார், இருபதாயிரம் கிலோமீட்டர்கூட ஆகவில்லை, கிளட்ச் பிளேட் போய்விட்டது. தேய்மானப் பொருள், வாரண்டி கிடையாது என்கிறார்கள். மலிவு கம்பெனி என்றால் இப்படித்தானா? கேஸ் போட முடியுமா?

பதில்: கேஸ் போடலாம் மேடம், ஆனால் ஜெயிப்பது கழற்றிய பிளேட் என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் முதல் வேலை, பழைய பிளேட்டையும் பிரஷர் பிளேட்டையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் பொருள், கொடுக்க மாட்டேன் என்றால் அதையே ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிளேட் முழுக்க ஒரே சீராகத் தேய்ந்து, ஃப்ளைவீல் நீலம் பாரித்து, கருகின வாடை அடித்தால் அது ஓட்டியவர் கால் செய்த வேலை. குன்னூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரயில்வே கேட் போட்டுவிட்டால் பிரேக்கில் நிற்காமல் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து நிற்கிறவர்கள் எத்தனை பேர் என்று ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள். அப்படி நின்றால் எந்தக் கம்பெனி கிளட்சும் தாங்காது. பிளேட்டில் எண்ணெய் பிடித்திருந்தால் கதை வேறு, ஆயில் சீல் ஒழுகியிருக்கிறது. ஸ்ப்ரிங் உடைந்திருந்தாலும் வேறு. இவை தேய்மானம் இல்லை, வாரண்டிக்குள் வர வேண்டியவை.

அப்படி இருந்தால் படம் எடுத்து, கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு மெயில் போட்டு, பதில் வராவிட்டால் 1915-க்கு அழையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நடக்கவில்லை என்றால் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்துக்குப் பிறகு நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், கோவைக்கோ சென்னைக்கோ ஓட வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை, அதற்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். பிரச்சினை எழுந்த இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி (அருவங்காடு): கியரைத் தானே மாற்றும் ஏஎம்டி வண்டி மலைக்குச் சரிப்படுமா? க்விட் ஏஎம்டி பார்க்கிறேன்.

பதில்: எந்த வருடம் என்று பாருங்கள். 2016 கடைசியில் வந்த முதல் க்விட் ஏஎம்டியில் பிரேக்கை விட்டால் தானாக மெல்ல நகரும் வசதி கிடையாது, ஏற்றத்தில் பின்னால் உருளும். 2023-இல், ஏற்றத்தில் கிளம்பும்போது பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்ளும் ஹில் ஸ்டார்ட் அசிஸ்ட் வந்துவிட்டது. ஏஎம்டி என்பது உள்ளே சாதாரண கிளட்ச்தான், மிதிக்கிறது மட்டும் மோட்டார். ஆக்ஸிலரேட்டரால் ஏற்றத்தில் பிடித்து நிற்காதீர்கள், இறங்கும்போது மேனுவலில் போட்டு செகண்டில் இறங்குங்கள். வேறு பயம் வேண்டாம்.

கேள்வி (கூடலூர்): அப்பா மாருதி தவிர வேறு எதையும் தொட விடமாட்டேன் என்கிறார். பிரெஞ்சு வண்டி, ஜப்பான் வண்டி எல்லாம் மலைக்கு ஆகாதாம். உண்மையா?

பதில்: மாருதியும் சுஸுகி என்கிற ஜப்பான் கம்பெனியோடு வந்ததுதானே தம்பி, அப்பாவிடம் இதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம்! அவர் சொல்வதில் பாதி உண்மை. 1983 கடைசியில் 800 வந்ததிலிருந்து மலையில் ஒவ்வொரு பட்டறைக்காரனும் அதில்தான் கை பழகினான். கூடலூரிலோ பந்தலூரிலோ ஞாயிற்றுக்கிழமை ஒரு வீல் பேரிங் போனால் யாரையாவது எழுப்பி மாட்டிவிடலாம். க்விட்டுக்கு அது நடக்காது, வண்டி இரண்டு மூன்று நாள் நிற்கும். நம் ஊரில் 'நம்பகமான வண்டி' என்ற பேரில் பெரும்பங்கு இந்த ஸ்பேர் கடைக்குச் சேர வேண்டியது. இரும்பு அதிகம், பாதுகாப்பு அதிகம் என்று அப்பா நினைத்தால் அது தப்பு. அதே என்கேப் அமைப்பு 2014 ஜனவரியில் வெளியிட்ட சோதனையில் ஏர்பேக் இல்லாத ஆல்டோ 800, டாடா நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஐந்துமே பூஜ்யம். 2016-இல் க்விட்டும் பூஜ்யத்தில் ஆரம்பித்துப் பிறகுதான் ஒரு நட்சத்திரத்துக்கு ஏறியது. அந்தக் கால மலிவு கார்களில் உத்தமர் யாரும் இல்லை.

கேள்வி (எடப்பள்ளி): 2016 க்விட் செகண்ட் ஹேண்டில் வாங்கிவிட்டேன். ரீகால் இருந்ததாமே?

பதில்: இருந்தது. 2016 அக்டோபரில் 800 சிசி க்விட் சுமார் 50,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள், பெட்ரோல் ஹோஸில் ஒரு கிளிப் போடுவதற்காக. அதே இன்ஜின் உள்ள டட்சன் ரெடி-கோவிலும் கொஞ்சம் வண்டிகள். ஆர்சியில் உள்ள சேஸிஸ் நம்பரைச் சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் வேலை முடிந்ததா இல்லையா என்று சொல்வார்கள். ஓனர் மாறியிருந்தாலும் இலவசம்தான். பெட்ரோல் வாடை அடித்தால் சேஸிஸ் நம்பர் தேடிக்கொண்டு இருக்காதீர்கள், வண்டியை எடுக்காமல் ஆளை வரச் சொல்லுங்கள்.

கேள்வி (திருப்பூரிலிருந்து அடிக்கடி வருபவர்): குன்னூரிலிருந்து இறங்கும்போது பர்லியாறு பக்கம் பிரேக்கில் புகை, பெடல் அடிவரை போனது. ஒரு வருடம்தான் ஆன சின்ன கார். மட்டமான பிரேக் போட்டு விற்கிறார்களா?

பதில்: எந்த கியரில் வந்தீர்கள் சார்? நீங்கள் எழுதவில்லை, ஆனால் நாலாவதிலோ நியூட்ரலிலோ என்றுதான் தோன்றுகிறது. ரோடு ஓரத்தில் செகண்ட் கியரில் இறங்கவும் என்று போர்டு வைத்திருப்பது அழகுக்கு இல்லை. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஆயிரத்தைந்நூறு மீட்டர் உயரம் இறங்குகிறீர்கள், அந்தச் சூடு முழுவதையும் முன்னால் இரண்டு டிஸ்க், பின்னால் இரண்டு டிரம் மட்டும் வாங்கினால் பிரேக் ஆயில் கொதிக்கும். கொதித்தால் குழாயில் ஆவி, பெடல் காற்றை மிதித்த மாதிரி உள்ளே போகும். பெரிய காருக்கு டிஸ்க் பெரியது, அதனால் கொஞ்சம் தாமதமாக நடக்கும், நடக்காமல் இருக்காது.

நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று யாரோ சொல்லிக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் போவதே நின்றுவிடும், நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குக் குடிக்கும். புகை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி அரைமணி நேரம் ஆற விடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிக்கொள்ளும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும், நம்ம பனிமூட்டத்தில் கேட்கவே வேண்டாம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இந்த முறை கொதித்துவிட்டதால் இப்போதே மாற்றுங்கள்.

கேள்வி (ஊட்டி): மொத்தத்தில் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள். எல்லாத் தப்பும் ஓட்டுகிறவன் மேல்தானா?

பதில்: ஏர்பேக் இல்லாமல் விற்றது ஓட்டுகிறவன் தப்பா என்ன? சட்டம் வந்து பிடரியைப் பிடிக்கும்வரை அதை விருப்பத் தேர்வாக வைத்து விற்றார்கள், அது கம்பெனிகளின் தப்பு. வாங்குகிறவர் மலைக்காரர் என்று தெரிந்தும் 1.0 லிட்டர் இன்ஜின் வண்டி இருக்கும்போது 0.8-ஐத் தள்ளிவிட்ட ஷோரூம்காரர் தப்பும் உண்டு. அதற்காகக் கருகிய கிளட்சைக் கையில் வைத்துக்கொண்டு கம்பெனி மோசம் என்று உங்களுக்காக நான் பொய் சொல்ல முடியாது.

கேள்வி (கட்டபெட்டு): மனைவி இப்போதுதான் ஓட்டக் கற்றுக்கொள்கிறார். மூன்று லட்சத்துக்குள் பழைய கார் வேண்டும். வாங்கும்போது என்ன பார்க்க?

பதில்: இரண்டு ஏர்பேக், ஏபிஎஸ் உள்ள வண்டி, 1.0 அல்லது 1.2, ஹேண்ட் பிரேக் நடுவில் இருப்பது. இந்தத் தொகைக்கு க்விட் 1.0-வும் கிடைக்கும், மாருதி செலேரியோவும் கிடைக்கும். இரண்டில் எது என்று கேட்டால் கட்டபெட்டில் இருப்பவருக்குச் செலேரியோ, காரணம் மேலே சொன்ன ஸ்பேர் கடைதான். கோவைக்கு வேலையாக அடிக்கடி போகிறவர் என்றால் க்விட் எடுத்து மிச்சப் பணத்தில் நல்ல டயர் போடலாம். தரையில் மிதியடியைத் தூக்கிப் பாருங்கள், ஈரமும் துருவும் அங்கேதான் ஒளிந்திருக்கும். கதவுக்கு அடியில் தண்ணீர் வடியும் துளைகள் அடைத்திருக்கின்றனவா, முன்சக்கரப் பக்கம் லிங்க் ராட், புஷ் தட்டுகிறதா என்று எஸ்டேட் ரோட்டில் மெதுவாக ஓட்டிக் கேளுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு நீங்களே நேரில் போங்கள், விற்கிறவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் பேட்டரி எப்படி என்று தெரியாமல் போய்விடும். கடைசியாக, செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு உங்கள் மனைவியையே கிளப்பச் சொல்லுங்கள், ஓட்டப் போவது அவர்தானே.