மாண்டி கிறிஸ்டோ நாவலை இன்னும் ஏன் விடாமல் படிக்கிறார்கள்?

“பழிவாங்கும் கதையை சினிமாவிலும் சீரியலிலும் துவைத்துக் காயப்போட்டுவிட்டார்கள். அப்புறமும் ‘தி கவுண்ட் ஆஃப் மாண்டி கிறிஸ்டோ’வை ஏன் கொண்டாடுகிறார்கள்? ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகிறதே, படிக்கத்தான் வேண்டுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமாவின் இந்த நாவலைப் படிக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. காரணம் சொல்ல வேண்டுமானால் கதையை உடைக்காமல் முடியாது. சம்மதம் என்றால் மேலே படியுங்கள்.

1815 பிப்ரவரியில் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வருகிறது. கேப்டன் வழியிலேயே இறந்துவிட, கரை சேர்ப்பவன் பத்தொன்பது வயது எட்மண்ட் டான்டெஸ். அடுத்த கேப்டன் பதவி அவனுக்குத்தான். மெர்சிடிஸோடு கல்யாணமும் நிச்சயம். அந்தப் பதவிமேல் கண் வைத்த டாங்லார் இடது கையால் ஒரு மொட்டைக் கடிதாசி எழுதுகிறான், ‘இவன் நாடுகடத்தப்பட்ட நெப்போலியனின் ஆள்’ என்று. மெர்சிடிஸ்மேல் கண் வைத்த அவள் உறவுக்காரன் ஃபெர்னான் அதைத் தபாலில் சேர்க்கிறான். விசாரிக்கும் அரசு வழக்கறிஞர் வில்ஃபோருக்குப் பையன் அப்பாவி என்று நன்றாகவே தெரியும். ஆனால் அவன் கொண்டுவந்த ரகசியக் கடிதம் தன் சொந்த அப்பா பெயருக்கு இருக்கிறது. கடிதத்தை எரித்துவிட்டு, அவனை ஷாத்தோ தீஃப் என்ற தீவுச் சிறைக்கு அனுப்பிவிடுகிறார். பதினான்கு வருஷம். அங்கே பாதிரியார் ஃபாரியா படிப்பும் கொடுத்து, புதையல் ரகசியமும் சொல்லிவிட்டுச் சாகிறார். அவர் பிணத்தின் இடத்தில் சாக்குக்குள் படுத்து, காலில் கட்டிய இரும்புக் குண்டோடு கடலில் வீசப்பட்டுத் தப்பிக்கிறான் டான்டெஸ்.

பலரும் நாவல் இவ்வளவுதான் என்று நினைக்கிறார்கள். இதெல்லாம் முதல் ஐந்தில் ஒரு பங்கிலேயே முடிந்துவிடும்!

மிச்சம் முழுக்க, அந்தப் புதையலை எடுத்துக்கொண்டு பெரும் பணக்காரக் ‘கவுண்ட்’ (பிரபு) வேஷத்தில் பாரிஸுக்கு வந்து அவன் பொறுமையாகக் காய் நகர்த்துவதுதான். டாங்லார் இப்போது பெரிய பேங்கர். ஃபெர்னான் பிரபு, மெர்சிடிஸின் கணவனும்கூட. வில்ஃபோர் தலைநகரின் தலைமை அரசு வழக்கறிஞர். இந்தக் கவுண்ட் யார் என்று அவர்கள் மூவருக்கும் தெரியாது, நமக்குத் தெரியும். சாதாரண விருந்துப் பேச்சுகூட இதனால் நெஞ்சைப் பிடிக்க வைக்கிறது. தப்பிப்பதைவிட இந்தக் கூட்டுச்சதியில் நம்மையும் சேர்த்துக்கொள்வதுதான் நாவலின் சூட்சுமம் என்பேன்.

எனக்கு மிகவும் பிடித்த இடத்தில் கத்தியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஃபெர்னான் வீட்டு விருந்து, புழுக்கமான இரவு. கவுண்ட் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்பதை மெர்சிடிஸ் கவனிக்கிறாள். தோட்டத்துக் கண்ணாடி வீட்டுக்கு அழைத்துப் போய்த் தன் கையாலேயே திராட்சைக் கொத்தைப் பறித்து நீட்டுகிறாள். வேண்டாம் என்கிறார். பீச் பழம் பறித்துத் தருகிறாள். அதுவும் வேண்டாம். ஒரே கூரையின் கீழ் ரொட்டியும் உப்பும் பகிர்ந்தவர்கள் காலத்துக்கும் நண்பர்கள் என்று அரேபியாவில் ஒரு வழக்கம் உண்டாமே என்கிறாள். நாம் இருப்பது பிரான்ஸ் என்று மழுப்புகிறார். அவளுக்கு அவர் யார் என்று ஏற்கெனவே தெரியும். பகை வீட்டில் கை நனைக்காத ஊர்க்காரர்களான நமக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று தந்திக் கோபுரம். மின்தந்தி பரவாத காலம். கோபுரத்துக்குக் கோபுரம் பெரிய மரக்கைகளை ஆட்டிச் செய்தி அனுப்புவார்கள். அதை ஆட்டுகிறவருக்கே அர்த்தம் தெரியாது. அப்படி ஒருவர், வருஷத்துக்கு ஆயிரம் ஃபிராங்க் சம்பளம், தோட்டத்துப் பழங்களை எலிபோல ஒரு பிராணி தின்றுவிடுகிறது என்பதுதான் அவருடைய பெரிய கவலை. கவுண்ட் 25,000 ஃபிராங்கைக் கையில் வைத்து, ஒரு பொய்ச் செய்தியை அனுப்ப வைக்கிறார். ஸ்பெயினில் கலவரம் என்று அமைச்சரகம் வழியாக முன்கூட்டியே தகவல் கிடைத்த டாங்லார், ஸ்பெயின் கடன் பத்திரங்களை அவசரமாக விற்றுத் தள்ளுகிறான். மறுநாள் செய்தி தவறு என்று பேப்பரில் வருகிறது. பத்து லட்சம் ஃபிராங்க் ஓட்டை. உள்வட்டத் தகவலில் காசு பார்த்தவனை அதே தகவலாலேயே கவிழ்க்கிறார் கவுண்ட். 1844 முதல் 1846 வரை ஒரு பாரிஸ் நாளிதழில் தொடர்கதையாக வந்தது இந்த நாவல். இன்றைய ஷேர் மார்க்கெட் வதந்திக்கு ஒரு வரிகூட மாற்ற வேண்டாம்.

மற்றவர்களுக்கும் இதே கதிதான். ஃபெர்னான் தன்னை நம்பிய அலி பாஷா என்ற ஆட்சியாளரைக் காட்டிக்கொடுத்தவன்; பாஷாவின் மகள் வந்து சாட்சி சொல்கிறாள். வில்ஃபோர் எப்போதோ புதைத்த ரகசியம் அவர் நடத்தும் வழக்கிலேயே எழுந்து நிற்கிறது.

வெறும் பழிவாங்கலோடு நின்றிருந்தால் இந்நேரம் மறந்திருப்பார்கள். கவுண்டின் காய் நகர்த்தலில் சிக்கி, வில்ஃபோர் வீட்டில் ஒரு குற்றமும் செய்யாத சின்னப் பையன் எட்வர்டும் செத்துப்போகிறான். அவன் உடலைப் பார்த்ததும், கடவுள் தன் பக்கம் என்று நம்பிவந்த கவுண்ட் ஆடிப்போகிறார். செய்தது சரிதானா என்று பார்க்கத் தன் பழைய சிறைக்கே திரும்பிப் போகிறார். வழிகாட்டி ஒருவர், யாரென்று தெரியாமல், அவருடைய கதையை அவருக்கே சொல்கிறார். (இன்றும் அந்தத் தீவில் டான்டெஸின் அறை என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். கற்பனைக் கைதிக்கு நிஜ அறை!)

எழுதிய அலெக்சாந்தர் டூமாவுக்குச் சிறை வெறும் கற்பனை இல்லை. அவருடைய அப்பா, ஓர் அடிமைப் பெண்ணுக்குப் பிறந்து ஜெனரலானவர், இத்தாலியில் இரண்டு வருஷம் கைதியாகக் கிடந்து உடல் கெட்டுத் திரும்பினார்; டூமாவுக்கு நான்கு வயது ஆகும் முன்பே இறந்தும் போனார். கதையைக் கட்டியதில் ஒகுஸ்த் மாக்கே என்பவருக்கும் பெரிய பங்கு உண்டு, அட்டையில் பெயர் வரவில்லை. ஃபாரியா என்ற பெயரில் கோவாவில் பிறந்த நிஜப் பாதிரியார் ஒருவர் பாரிஸில் ஹிப்னாடிசம் செய்து பிரபலமாக இருந்தார். பனாஜியில் சிலைகூட இருக்கிறது. நாவலில் அவர் இத்தாலியராகிவிட்டார்.

எதைப் படிப்பது? சுருக்கப் பதிப்பை எடுக்காதீர்கள், காத்திருப்பை வெட்டிவிட்டால் சண்டை மட்டும்தான் மிஞ்சும். ஆங்கிலத்தில் ராபின் பஸ் மொழிபெயர்த்த பெங்குயின் பதிப்பு நன்றாக இருக்கும்; இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 1846 மொழிபெயர்ப்பில் அந்தக் கால ஆங்கிலேயர்கள் கூச்சப்பட்ட இடங்களை மழுக்கிவிட்டார்கள். நடுவே ரோம் அத்தியாயங்கள் கொஞ்சம் இழுக்கும், தாண்டிவிடாதீர்கள். லூய்கி வாம்பா என்ற கொள்ளைக்காரன் அறிமுகமாவது அங்கேதான். கடைசியில் டாங்லாரைப் பிடித்துப் பட்டினி போட்டு, ஒரு கோழிக்கு ஒரு லட்சம் ஃபிராங்க் பில் போடுவது அவன் ஆட்கள்தான்.