வசூலுக்கு முன்னால் ஒரு வேலையைப் பிடியுங்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. சங்கரன்கோவிலில் ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும் செய்து தரும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் சேவைச் சங்கத்தில் சில வருடங்களாக உறுப்பினர். வரும் ஜூலை 1 முதல் நான்தான் தலைவர். வருடா வருடம் ஒரே வேலைதான் நடக்கிறது. பதவியேற்பு விழா, அரசுப் பள்ளியில் நோட்டு வழங்குதல், ஒரு ரத்ததான முகாம், அவ்வளவுதான். போன தடவை நன்கொடை கேட்டுப் போனபோது ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவர், "முன்னால குடுத்த பணத்துக்கே கணக்கு வரலையேம்மா" என்று கேட்டுவிட்டார். கூசிப்போனேன். இளைஞர் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, ஆனால் காகிதத்தில்தான். மூத்த உறுப்பினர்கள் இந்த முறை இன்னிசைக் கச்சேரி வைத்து, கூடவே குலுக்கல் கூப்பன் விற்கலாம், முதல் பரிசு ஸ்கூட்டர் என்கிறார்கள். என் கணவரோ, "பொன்னாடை போர்த்திப் போட்டோ எடுக்கத்தான் இந்தச் சங்கமெல்லாம், பேசாமல் கடையைப் பார்" என்கிறார். பொறுப்பை ஏற்கலாமா, விட்டுவிடலாமா?

– பெயர் வேண்டாம், சங்கரன்கோவில்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். குலுக்கல் வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது. பரிசுத் திட்டங்களைத் தடை செய்ய 1979லேயே தனிச் சட்டமும் வந்துவிட்டது. "நல்ல காரியத்துக்குத்தானே சார்" என்று காவல் நிலையத்தில் போய் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. கூப்பனில் தலைவர் என்று அச்சாகப் போவது உங்கள் பெயர், யோசனை சொன்னவர் பெயர் இல்லை.

கச்சேரி சட்டப்படி தப்பில்லை. ஆனால் மண்டபம், இசைக்குழு, மைக் செட், ஜெனரேட்டர், பிளெக்ஸ், பாடகர்களுக்கு லாட்ஜ், எல்லோருக்கும் ராத்திரி டிபன் என்று வரிசையாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். மிச்சம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம். டிக்கெட் வாங்குகிற கடைக்காரர் பாதிப்பேர் கச்சேரிக்கு வரப்போவதில்லை. சீட்டைக் கடைப்பையனிடம் கொடுத்துவிட்டு, "இந்த வருஷத்துக்கு இவங்களுக்குக் குடுத்தாச்சு" என்று மனசுக்குள் கணக்கை முடித்துக்கொள்வார். பிறகு உருப்படியான ஒரு தேவைக்குப் போய் நின்றாலும் அங்கே கதவு திறக்காது.

பொறுப்பை விடலாமா என்றால், விடாதீர்கள். உங்கள் கடையில் உட்கார்ந்து நீங்கள் தினமும் பார்ப்பதைச் சங்கத்தில் வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால் சொல்கிறேன். மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் உங்கள் கடை வாசலில் நிற்பது யார்? பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிய வந்த பிள்ளை. ஓ.டி.பி. போகிற போன் திருப்பூரில் வேலை பார்க்கும் அப்பாவிடம் இருக்கும், ஷிஃப்டு முடியாமல் அவர் போனை எடுக்க மாட்டார். முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஒன்று இருப்பதே கடைசி வாரத்தில்தான் தெரியவரும். அப்புறம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று ஓட்டம். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருப்பார்கள், எங்கே விண்ணப்பிப்பது என்று தெரிந்திருக்காது. இந்தப் பிள்ளைகளிடம் போய் நோட்டைக் கொடுத்தால் என்ன பிரயோஜனம்?

நோட்டு கொடுப்பதைப் பற்றி எனக்கு வெகுநாளாக ஒரு வருத்தம் உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பாடநூல், நோட்டு, சீருடை, புத்தகப்பை, காலணி எல்லாவற்றையும் அரசே விலையில்லாமல் கொடுக்கிறது. வகுப்பைப் பொறுத்துக் கூடக்குறைய இருக்கலாம். ஏற்கெனவே கையில் இருப்பதையே திரும்பக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளை வெயிலில் நிற்கவைத்துப் படம் எடுக்கிறோம். உங்கள் கணவர் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

என் யோசனை ஒன்றே ஒன்றுதான். விழாவிலிருந்தும் வசூலிலிருந்தும் ஆரம்பிக்காமல் ஒரு வேலையைப் பிடியுங்கள். எந்த வேலை என்றும் சொல்கிறேன்.

எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வு என்று ஒன்று நடக்கிறது, தெரிந்திருக்கும். தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைக்கான தேர்வு. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் எழுதலாம். குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்கவேண்டும். தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். நாலு வருடத்துக்கு 48,000 ரூபாய் நேரே பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு வரும். நாடு முழுக்க ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்குக் கொடுக்கிறார்கள், அதில் தமிழ்நாட்டின் பங்கு 6,695. உங்கள் ஊரில் பத்துப் பிள்ளைகளைத் தேறவைத்தால் நாலு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் அந்த வீடுகளுக்குப் போகிறது. எந்தக் கச்சேரி இவ்வளவு வசூல் செய்யும்?

தேர்வில் இரண்டு பகுதி, ஒவ்வொன்றிலும் 90 கேள்வி. பாடப் பகுதியைப் பள்ளி ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். பிள்ளைகள் தடுமாறுவது மனத்திறன் பகுதியில்தான். எண் தொடர், ஒத்த உறவு, குறியீட்டுக் கணக்கு, படத்தைத் திருப்பிப் பார்ப்பது மாதிரியான கேள்விகள். வீட்டில் சொல்லித்தர ஆள் கிடையாது.

ஊரில் அதற்கு ஆள் இருக்கிறது. கிளை நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள். குரூப் 4 எழுதப்போகும் இளைஞர்கள் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பார்கள். குரூப் 4 தேர்விலும் திறனறிவுக்கு 25 கேள்வி உண்டு. எண் தொடர், தர்க்கக் கணக்கெல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் அவர்களுக்கும் அது பயிற்சிதான். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் கேளுங்கள், வருவார்கள். பஸ் செலவுக்கும் டீக்கும் சங்கம் கொடுக்கட்டும். அவர்களுக்காக மாதம் ஒரு மாதிரித் தேர்வை உங்கள் கூட்ட அறையில் நடத்திக் கொடுங்கள்.

உங்கள் இளைஞர் பிரிவு இப்படித்தான் உருவாகும். இளைஞர்கள் வரவில்லை என்று எல்லாச் சங்கத்திலும் புலம்புகிறார்கள். வந்தவர்களை என்ன செய்தோம் என்று யோசிப்பதில்லை. வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்கவைப்பது, நாற்காலி போடச் சொல்வது, பேனர் பிடிக்கச் சொல்வது, இதற்கு எந்தப் பிள்ளை இரண்டாம் முறை வரும்? பெரிய சங்கங்கள் இதை எப்போதோ யோசித்திருக்கின்றன. லயன்ஸ் 1957லேயே இளைஞர்களுக்கென்று லியோ சங்கத்தைத் தொடங்கியது. ரோட்டரி 1962ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்டராக்டையும், 1968ல் பெரியவர்களான இளைஞர்களுக்கு ரோட்டராக்டையும் கொண்டுவந்தது. பிள்ளைகளே தலைவரைத் தேர்ந்தெடுத்து, அவர்களே திட்டம் போட்டு நடத்துவதுதான் அதன் அடிப்படை. நம் ஊரில் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு அதிகாரத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். நீங்கள் அவர்களுக்கு ஒரு தொகையை ஒதுக்கி, எதற்குச் செலவழிப்பது என்று அவர்களே முடிவு செய்யட்டும் என்று விடுங்கள். சின்னத் தொகை போதும். கணக்கு மட்டும் வரவேண்டும்.

பிள்ளைகள் சம்பந்தப்பட்ட வேலை என்பதால் சில விஷயங்களில் கறாராக இருக்கவேண்டும். தலைமையாசிரியரின் அனுமதியும் பெற்றோரின் கையெழுத்தும் இல்லாமல் தொடங்காதீர்கள். வகுப்பு பள்ளியிலேயே நடக்கட்டும். கதவு திறந்திருக்கட்டும், எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கட்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். சொல்லித்தருகிற இளைஞர்கள் பிள்ளைகளுக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்பக் கூடாது, பெற்றோர் இருக்கும் குழுவில்தான் எல்லாமே. ஏதாவது தப்பாகத் தெரிந்தால் சங்கத்துக்குள் பேசி முடிக்கிற பேச்சே கிடையாது. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லியே ஆகவேண்டும். போக்சோ சட்டத்தில் தகவலை மறைப்பதும் குற்றம். அப்புறம், 'ஏழை மாணவி' என்று எழுதி அந்தப் பிள்ளையின் முகத்தைப் பிளெக்ஸில் போடும் பழக்கத்தை உங்கள் காலத்தில் நிறுத்திவிடுங்கள். மறுநாள் அவள் வகுப்புக்குப் போகவேண்டாமா?

இனி பணம். அண்ணாச்சி கேட்டது அவமானம் இல்லை, நியாயம். அவரிடமிருந்தே ஆரம்பியுங்கள். போன வருட வரவு, செலவு, கையிருப்பு மூன்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். பில் இல்லாத செலவுக்கு நேரே 'பில் இல்லை' என்றே எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு போய், "நீங்க கேட்ட கணக்கு அண்ணாச்சி" என்று கொடுத்துவிட்டு நன்கொடை கேட்காமல் திரும்பி வாருங்கள். இரண்டு மாதம் கழித்துப் போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். அதுவும் ஆடியில் போகாதீர்கள். தபசுத் திருவிழா நன்கொடை, உபயம் என்று கடைக்காரர்களிடம் ஊரே கை நீட்டும் நேரம் அது. ஆவணியில் போங்கள். அதற்குள் வகுப்பு நாலைந்து வாரம் நடந்திருக்கும், சொல்ல விஷயம் இருக்கும். 'சங்கத்துக்கு ஏதாவது கொடுங்கள்' என்று கேட்காமல், 'ஒரு பிள்ளைக்கு வழிகாட்டிப் புத்தகமும் மாதிரி வினாத்தாளும் இவ்வளவு ஆகிறது, எத்தனை பிள்ளைக்குத் தருகிறீர்கள்?' என்று கேளுங்கள்.

பொதுமக்கள் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் முதல் மாதமே ஆரம்பியுங்கள். பொதுமக்களிடம் வாங்கியதைச் சங்கத்தின் சொந்தச் செலவுக்குத் தொடக்கூடாது என்பது லயன்ஸ் சங்கங்களில் எழுதிவைத்த விதியே. பதவியேற்புச் சாப்பாடும் மாலையும் உறுப்பினர் சந்தாவிலிருந்துதான் போகவேண்டும். 80ஜி என்று சொல்லப்படும், நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை பற்றிக் கேட்பார்கள். உங்கள் சங்கத்துக்கோ அதன் அறக்கட்டளைக்கோ அந்தப் பதிவு இருந்தால் மட்டும் சொல்லுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் உங்கள் ஊர்க்காரர்களிடம் கேட்கலாம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா அனுப்பினால் ஆகும். அதற்கென்று தனிப் பதிவு இல்லாமல் வாங்கக் கூடாது.

இன்னொரு விஷயம், கோபித்துக்கொள்ளாதீர்கள். வினாத்தாளை உங்கள் கடையில் ஜெராக்ஸ் எடுக்காதீர்கள். அடக்க விலைக்கே போட்டுக் கொடுத்தாலும், "தலைவரம்மா கடைக்குத்தான் வியாபாரம்" என்று ஒரு வாய் பேசிவிடும். பக்கத்துக் கடையில் எடுத்துப் பில்லை வாங்கி வையுங்கள்.

மூத்தவர்களை எதிர்த்துக்கொண்டு ஆரம்பிக்க வேண்டாம். பதவியேற்பு விருந்தை ரத்து செய்கிறேன் என்று முதல் நாளே அறிவித்தால் வருடம் முழுக்க உங்களோடு மல்லுக்கு நிற்பார்கள். எனக்கு அந்த விருந்தின்மேல் பெரிய கோபமும் இல்லை. 1905ல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் ரோட்டரியைத் தொடங்கியதே கூடிப் பேச நாலு நண்பர்கள் வேண்டும் என்றுதான். சேவையெல்லாம் பின்னால் வந்தது. சேர்ந்து சாப்பிடுகிறவர்கள்தான் சேர்ந்து வேலை செய்வார்கள். கச்சேரி கேட்டவரிடமே ஒரு பொறுப்பைக் கொடுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் இருந்தால் வகுப்பு அவர் மேற்பார்வையில் நடக்கட்டும். வங்கியில் இருந்தவர் இருந்தால் பிள்ளைகளின் சேமிப்புக் கணக்கையும் ஆதார் இணைப்பையும் கவனிக்கட்டும். ரத்ததான முகாம் நன்றாக நடந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள், 18 வயது ஆன உங்கள் புது இளைஞர்களும் அதில் சேர்ந்துகொள்வார்கள்.

தேர்வு ஜனவரி, பிப்ரவரி வாக்கில் வரும். ஜூலையில் தொடங்கினால் ஆறு மாதம் கையில் இருக்கிறது. ஆனால் தேறியதோடு வேலை முடியாது. தேறிய பிள்ளை தேசிய உதவித்தொகைத் தளத்தில் பதியவேண்டும், ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கவும் வேண்டும். அதைத் தவறவிட்டு, வரவேண்டிய பணத்தை இழக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இது உங்களுக்குக் கைவந்த வேலை. ஏற்கெனவே தேறி இப்போது ஒன்பது, பத்து, பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளின் பட்டியலைப் பள்ளியில் கேட்டு வாங்குங்கள். யாருக்குப் புதுப்பித்தல் விட்டுப்போயிருக்கிறது, யாருடைய வங்கிக் கணக்கு முடங்கிக் கிடக்கிறது என்று பாருங்கள். வகுப்பு தொடங்கும் முன்பே இதைச் செய்துவிடலாம், இதற்குப் பணமும் வேண்டியதில்லை. உங்களுக்கு அடுத்த வருடம் தலைவராகப் போகிறவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். ஜூன் 30க்குப் பிறகு அந்தப் பட்டியல் அவர் கையில்தான் இருக்கவேண்டும்.