கண்ணீர் அஞ்சலியும் ஓட்டு வேட்டையும்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: இலங்கையில் குண்டு வெடித்தாலும் வளைகுடாவில் நம்மவர் தீயில் கருகினாலும் பிரசார வேனில் அதையே பேசி ஓட்டுக் கேட்கிறார்கள். சட்டப்படி தடுக்க வழியே இல்லையா? (வாசகர், மன்னார்குடி)

பேசுவது மட்டும் குற்றமாகாது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கைத் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டு வெடித்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். அன்றைக்கே ராஜஸ்தானின் சித்தோர்கர் கூட்டத்தில் பிரதமர் மோடி அதைக் குறிப்பிட்டு, பயங்கரவாதத்தை ஒழிக்கத் தாமரைக்கு ஓட்டுக் கேட்டார். கடலுக்கு இக்கரையில் இருக்கும் நாகையும் தஞ்சையும் மூன்று நாள் முன்பே, 18-ம் தேதியே வாக்களித்து முடித்திருந்தன. பேச்சு போனதோ பாலைவன மாநிலத்துக்கு!

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-ன் 123(3) பிரிவு மதம், இனம், சாதி, சமூகம், மொழியைச் சொல்லி ஓட்டுக் கேட்பதைத் தடுக்கிறது. 'செத்தவன் நம்ம மதத்துக்காரன், அதனால் எனக்குப் போடுங்க' என்றால் மாட்டுவார். 'நாட்டுப் பாதுகாப்புக்காக எனக்குப் போடுங்க' என்றால் நழுவிவிடுவார். வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் இந்தப் பிரிவு பாயும் என்று 2017 ஜனவரி 2-ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 4-3 என்று தீர்ப்பளித்தது.

முடிவு வெளியான 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட வேண்டும். அந்தத் தொகுதி வாக்காளரே போடலாம். பெரும்பாலும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: பேசியது வெளியூர்த் தலைவர் என்றால், வேட்பாளரின் சம்மதத்தோடுதான் பேசினார் என்று நிரூபிக்க வேண்டும். இன்னொன்று, கைப்பேசி வீடியோவை நீட்டினால் மட்டும் போதாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63(4)-ன்படி, அது எந்தக் கருவியில் எப்படிப் பதிவானது என்று சொல்லும் சான்றிதழும் இணைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த துண்டு வீடியோவுக்கு இந்தச் சான்றிதழை யார் கொடுப்பார்? அதனால் பதிவு செய்த மூலக் கோப்பை அழிக்காமல், வெட்டாமல் வைத்திருங்கள்.

கேள்வி: வெளிநாட்டு விபத்தில் இறந்தவர்களுக்கு 'கண்ணீர் அஞ்சலி' என்று ஃபிளக்ஸ். அதில் இறந்தவர் படம் தபால்தலை அளவு, வேட்பாளர் முகம் பனைமர உயரம். யாரிடம் சொல்வது? (வாசகி, கும்பகோணம்)

முதலில் ஃபிளக்ஸின் கீழ் மூலையைப் பாருங்கள். தேர்தல் சுவரொட்டியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்கிறது அதே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சின்னமும் வேட்பாளர் படமும் இருந்தால் 'இது அஞ்சலிதான்' என்ற சமாதானம் எடுபடுவது கடினம். செலவையும் வேட்பாளர் கணக்கில் ஏற்றச் சொல்லித் தேர்தல் ஆணையத்தின் செலவினப் பார்வையாளருக்கு எழுதுங்கள். தமிழ்நாட்டில் உச்சவரம்பு மக்களவைக்கு 95 லட்சம், சட்டமன்றத்துக்கு 40 லட்சம்.

தேர்தல் அறிவித்த பிறகு, விதிமீறலைப் புகார் செய்யத் தேர்தல் ஆணையம் தரும் சி-விஜில் செயலி வேலை செய்யும். அந்த இடத்தில் நின்று, இருப்பிடத்தை இயக்கி, செயலிக்குள்ளேயே படமோ இரண்டு நிமிட வீடியோவோ எடுத்து, ஐந்து நிமிடத்துக்குள் அனுப்ப வேண்டும். முன்பே எடுத்து கேலரியில் வைத்ததை அது வாங்காது. வீட்டுக்குப் போய் அனுப்பிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் தோற்பது இங்கேதான். 100 நிமிடத்தில் முடிவு சொல்வதாக ஏற்பாடு. பெயர் சொல்லாமலும் அனுப்பலாம், ஆனால் புகார் என்ன ஆனது என்று பின்தொடர எண் கிடைக்காது.

கேள்வி: இந்தத் துக்க அரசியலால் உண்மையிலேயே ஓட்டு விழுகிறதா? (வாசகர், வேதாரண்யம்)

2009-ஐப் பாருங்கள். முள்ளிவாய்க்காலில் சனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது இங்கே பிரசாரம். மார்ச் 9-ல் ஜெயலலிதா உண்ணாவிரதம், ஏப்ரல் 27-ல் சில மணி நேரம் கருணாநிதி உண்ணாவிரதம். ஆட்சிக்கு வந்தால் தனி ஈழம் என்றார் ஜெயலலிதா. மே 13 வாக்குப்பதிவு. 39-ல் தி.மு.க. அணிக்கு 27, அ.தி.மு.க. அணிக்கு 12. ஈழத்துக்காகக் காலமெல்லாம் பேசிய வைகோ விருதுநகரில் தோற்றார். நம் பக்கம் தஞ்சாவூரும் நாகப்பட்டினமும் தி.மு.க.வுக்கு, மயிலாடுதுறையில் மட்டும் காங்கிரஸின் மணிசங்கர் ஐயரை அ.தி.மு.க.வின் ஓ.எஸ்.மணியன் வீழ்த்தினார். முடிவு வந்தது மே 16-ல். போர் முடிந்தது அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து.