மீண்டவர்களை மதிப்பீட்டில் சேர்ப்பது: கேள்வி பதில்

போதை மறுவாழ்வுத் திட்டங்களை மதிப்பிடும்போது, அந்தப் பழக்கத்திலிருந்து மீண்டவர்களையும் சேர்ப்பது பற்றி வந்த கேள்விகள் இவை.

சிவா, ஈசூன்: அக்கா, சிறுநீர்ப் பரிசோதனையும் சிறைக்குத் திரும்பியவர் விகிதமும் போதாதா?

வேண்டியவைதான். ஆனால் சிறைக்குத் திரும்பாதவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்று அர்த்தமில்லையே. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் மீண்டுவருபவர்களோடு சேர்ந்து உருவாக்கிய ‘ஷூர்’ அளவுகோல் 2016ல் வெளிவந்தது. அதிலுள்ள 21 கேள்விகளில் போதைப் பயன்பாடு ஒரு பகுதிதான். உறவு, தன்னைக் கவனித்துக்கொள்வது, வாழ்க்கை வசதி பற்றியும் கேட்கிறார்கள்.

தொண்டூழியர் ஒருவர்: மீண்டவர்களை எப்போது அழைப்பது?

கேள்வித்தாள் முடிவாகும் முன்பே. எங்கள் படிவத்தில் ‘குடும்ப உறவு மேம்பட்டுள்ளதா?’ என்று இருந்தது. மீண்டவர் ஒருவர் படித்துவிட்டு, “இதுக்கு எல்லாரும் ஆமான்னுதான் எழுதுவாங்க. வீட்டுச் சாவி கொடுத்தாங்களான்னு கேளுங்க” என்றார். தீபாவளிக்குச் சொந்தக்காரர் வீட்டில் பாட்டிலைத் திறந்தால் என்ன செய்வீர்கள் என்பதும் அவர் சேர்த்த கேள்விதான். படித்தவர்கள் நாலு பேர் உட்கார்ந்து யோசித்தும் எங்களுக்கு அது தோன்றவில்லை.

ராணி: அவர்கள் ஒருதலையாகப் பேச மாட்டார்களா?

பேசலாம். திட்டத்தை நடத்துபவர்கள் மட்டும் என்னவாம்? ஜெயித்தவர்களை மட்டும் கூப்பிடாதீர்கள், பாதியில் விட்டவர்களையும் தேடிப் பிடியுங்கள். ஏன் போனார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

மாணவி, கிளமெண்டி: பேட்டி எடுக்கவும் அவர்களையே அனுப்பலாமா? மனம்விட்டுப் பேசுவார்களே.

பேசுவார்கள், அதனால்தான் கவனம் வேண்டும். இங்கே சிங்கப்பூரில் போதைப்பொருள் உட்கொள்வதே குற்றம். ஒருவர் போதைப்பொருளுக்கு அடிமை என்று சந்தேகித்தால்கூட மருத்துவர் 7 நாளுக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே, ‘யாருக்கும் தெரியாது, சும்மா சொல்லுங்க’ என்று எவரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. எது ரகசியமாக இருக்கும், எது இருக்காது என்பதைச் சட்டம் தெரிந்தவரிடம் கேட்டு எழுதிவைத்து, பேட்டிக்கு முன்பே படித்துக் காட்டுங்கள். ஒரே மறுவாழ்வு இல்லத்தில் தங்கியவர்களை எதிரெதிரே உட்கார வைக்காதீர்கள். நம் தமிழ் வட்டம் சின்னது, தேக்காவில் ஒரு டீ குடிப்பதற்குள் தெரிந்தவர் நாலு பேர் வந்துவிடுவார்கள்.

குமார்: சம்பளம் தரணுமா?

தரணும். பற்றுச்சீட்டு (வவுச்சர்) கொடுத்துச் சமாளிக்காதீர்கள்.

பெயர் வேண்டாம்: குடியை விட்டு ஒரு வருடம் ஆகிறது. குழுவில் சேர்த்துவிட்டு, கூட்டத்துக்குக் கூட்டம் என் கதையைச் சொல்லச் சொல்கிறார்கள். மறுக்கலாமா?

தாராளமாக, தம்பி. உங்களை எடுத்தது படிவத்தில் குறை கண்டுபிடிக்க. அடுத்த முறை கேட்டால், “அறிக்கையின் வரைவை முதலில் அனுப்புங்க, அதைப் பத்திப் பேசுறேன்” என்று சொல்லுங்கள்.