மலைக்குப் போயும் மகனுக்கு மூச்சு இறுக்கம் ஏன்?

கேள்வி: கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் வசிக்கிறோம். 9 வயது மகனுக்கு ஆஸ்துமா உண்டு. ஜூலையில் நல்ல காற்றுக்காக செக்வோயா தேசியப் பூங்காவில் இரண்டு நாள் தங்கினோம். மாலை நடையின்போது தொடங்கிய இருமலும் நெஞ்சு இறுக்கமும் இரவிலும் குறையவில்லை. மலைக்காற்று அவனுக்கு ஒத்துக்கொள்ளாதா?

பதில்: நீங்கள் விட்டுவிட்டு வந்ததாக எண்ணிய ஊர்க்காற்றே உங்கள் பின்னால் மலையேறி வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஃப்ரெஸ்னோ அமைந்துள்ள சான் ஜோக்வின் பள்ளத்தாக்கின் வாகனப் புகை கோடை வெயிலில் வினைபுரிந்து, மூச்சுக்குழாயை உறுத்தும் ஓசோன் வாயுவாகிறது; பகலில் மலைச்சரிவு சூடேறும்போது காற்று மேல்நோக்கி வீசுவதால், அது பிற்பகலிலும் மாலையிலும் காட்டை எட்டிவிடுகிறது. நீங்கள் நடந்தது சரியாக அந்த நேரத்தில்தான்.

இரவின் கதை வேறு. வெயில் மறைந்த பின் ஊருக்குள் புதிய ஓசோன் உண்டாவதில்லை. வாகனங்கள் கக்கும் நைட்ரிக் ஆக்சைடு இருப்பதையும் அழித்துவிடுகிறது. தரையோரம் தேங்கும் குளிர்காற்றில் எஞ்சியதை மண்ணும் இலைகளும் உறிஞ்சிக்கொள்கின்றன. உயரமான சரிவுகளோ அந்தக் குளிர்காற்றுத் தேக்கத்துக்கு மேலே இருப்பவை. அங்கே வாகனப் புகையும் குறைவு என்பதால், பகலில் வந்து சேர்ந்த ஓசோன் விடியும்வரை பெரிதாகக் குறையாமல் நிற்பதுண்டு. சுத்தமான இடத்தில் ஓசோன் நீடிப்பது முரணாகத் தோன்றினாலும் வேதியியல் அப்படித்தான்.

அந்தக் காட்டின் ஜெஃப்ரி பைன் மரங்களை அடுத்த முறை மகனுக்குக் காட்டுங்கள். ஓசோன் தாக்கிய மரத்தின் பழைய ஊசியிலைகளில் மஞ்சள் திட்டுகள் படர்ந்து, அவை காலத்துக்கு முன்பே உதிர்ந்துவிட, கிளை நுனியில் மட்டும் குஞ்சம் போல இலை மிஞ்சியிருக்கும்.

இங்கு ஓசோன் மிகுவது ஏறத்தாழ மே முதல் அக்டோபர் வரை. குளிர்காலத்தில் வெயில் தளர்வதால் வெகுவாகக் குறையும். அமெரிக்கா 2015இல் வகுத்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக நூறு கோடியில் 70 பங்கு. ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அதற்குக் கீழேயும் தொந்தரவு வரலாம். எனவே கோடையில் போவதானால் அமெரிக்க அரசின் காற்றுத்தரத் தளமான ஏர்நவ் (AirNow) தரும் முன்னறிவிப்பைப் பார்த்து, ஓடியாடும் வேலைகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். ஓசோன் வாயு என்பதால் சாதாரண என்95 முகக்கவசம் அதைத் தடுக்காது. அதை நம்பி மாலையில் மலையேற வேண்டாம்.

காட்டுத்தீப் புகையும் குளிர்ந்த வறண்ட காற்றும் இதே தொல்லையைத் தரக்கூடும் என்பதால், எந்த நாளில், எந்த மணிக்கு இருமல் வந்தது என்று குறித்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். நடைக்கு முன் மூச்சுக்குழாயைத் தளர்த்தும் ஆல்பியூட்டரால் (albuterol) இன்ஹேலர் எடுப்பது பற்றியும் அவரிடமே கேளுங்கள். மருந்தளவை நீங்களாக மாற்ற வேண்டாம். இன்ஹேலருக்குப் பின்னும் பேச முடியாமல் திணறினாலோ, மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ தாமதிக்காமல் 911ஐ அழையுங்கள். மலையில் பல இடங்களில் கைபேசி அலைவரிசை கிடைக்காது என்பதால், அருகிலுள்ள ரேஞ்சர் நிலையம் எங்கே என்பதைக் கூடாரம் போடும்போதே தெரிந்துகொள்ளுங்கள்.