கேன் இயந்திரத்துக்கு முன் கோப்பைக் கணக்கு

கேள்வி: அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் அருகே நண்பர் ஒருவர் சிறிய கிராஃப்ட் பீர் (சிறு ஆலைகள் தங்கள் பாணியில் காய்ச்சும் பீர்) ஆலை தொடங்குகிறார். முதல் ஆண்டிலேயே கேனில் அடைத்து சூப்பர் மார்க்கெட்டுகளில் விற்கத் திட்டம். என் சேமிப்பைப் போடலாமா?

பதில்: இந்தத் திட்டத்தை நம்பிப் போடாதீர்கள். ஆலையிலேயே ஊற்றி விற்பது என்று மாற்றினால் பேசலாம்.

ஒரு முழுப் பீப்பாயில் ஏறத்தாழ 58.7 லிட்டர் பீர் இருக்கும். 473 மில்லி கோப்பையில் 124 கோப்பை. நுரையிலும் குழாயிலும் போவதைக் கழித்து 110 என்று வையுங்கள். கோப்பை 6 டாலர் என்றால் 660 டாலர். அதே பீப்பாய் விநியோகஸ்தர் கைக்குப் போனால் அதில் மூன்றில் ஒரு பங்கு வந்தாலே நல்ல விலை. டெக்சாஸில் சிறு ஆலைகள் தாங்களே கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வண்டி, குளிர் அறை, ஓட்டுநர் சம்பளம் எல்லாம் உங்கள் தலையில் விழும். ஆலையிலேயே குடிக்க விற்கும் உரிமை அங்கே 2013-இலும், வீட்டுக்கு எடுத்துப்போக விற்கும் உரிமை 2019 செப்டம்பரிலும்தான் வந்தன. போராடிப் பெற்ற உரிமைகள் அவை, பயன்படுத்தாமல் விடக்கூடாது.

அமெரிக்க பீர் விற்பனையில் கிராஃப்ட் பீரின் பங்கு அளவில் சுமார் 13 சதவீதம். பண மதிப்பில் கிட்டத்தட்ட 25. கூடுதல் விலையோடு, ஆலையின் சொந்தக் குழாயில் ஊற்றி விற்பதும் இந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணம்.

கடை அலமாரியோ வேறு உலகம். அடுத்த முறை கடைக்குப் போகும்போது ஒரு ஐபிஏ (ஹாப்ஸ் தூக்கலான பீர் வகை) கேனைக் கவிழ்த்து, அடியில் மங்கலாக அச்சடித்த தேதியைப் பாருங்கள். குளிரூட்டாமல் மூன்று மாதம் நின்றிருந்தால், பீருக்கு வாசமும் கசப்பும் தரும் ஹாப்ஸ் பூவின் வாசம் மங்கியிருக்கும். குடிப்பவர் கடையைக் குறை சொல்ல மாட்டார், கேனில் இருக்கும் பெயரைத்தான் சொல்வார். பெரிய பெயரும் காப்பாற்றாது: 1896-இல் தொடங்கி, கிராஃப்ட் பீருக்கே முன்னோடி என்று பெயர் எடுத்த சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை 2023-இல் மூடப்பட்டது. 2024-இல் அந்நாட்டில் புதிதாகத் திறந்த ஆலைகளைவிட மூடியவை அதிகம்.

நண்பரிடம் மூன்றைக் கேளுங்கள்: எத்தனை இருக்கைகள், வாடகை ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, செவ்வாய்க்கிழமை மாலை யார் வருவார்கள்? வார இறுதியில் எந்த இடமும் நிரம்பும், வாடகையைக் கட்டுவது வாரநாள் கூட்டம். கேன் தேவைப்பட்டால் வண்டியிலேயே இயந்திரத்தைக் கொண்டுவந்து அடைத்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். முதல் ஆண்டுக்கு அது போதும்.