திங்கட்கிழமை காலையில் டிரிப் ஆகும் உலை: துவாஸில் வேலைக்குச் சேர்ந்த தம்பிக்கு

தம்பி, நீங்கள் எழுதியதை முழுசாகப் படித்தேன். கோவையில் ஃபவுண்டரி ஒன்றில் மெயின்டெனன்ஸ் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு, இப்போது சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டையில், உலோகப் பாகங்களைச் சூடாக்கிப் பதப்படுத்தும் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் கம்பெனிக்கு வந்திருக்கிறீர்கள். இந்தியாவில் செய்த 36 கிலோவாட் மின் உலை ஒன்று, திங்கட்கிழமை காலையில் ஆன் செய்ததுமே எர்த் லீக்கேஜில் டிரிப் ஆகிறது, அதாவது பாடிக்குக் கரன்ட் கசிவதை ரிலே பார்த்து சப்ளையை வெட்டுகிறது. சூப்பர்வைசர் "அந்த ரிலேவை பைபாஸ் பண்ணி ஓட்டு, சூடானால் சரியாகிவிடும்" என்கிறார். செய்யலாமா, மாட்டேன் என்றால் வேலை பெர்மிட்டுக்கு ஆபத்து வருமா, நம்மூர் ஒயர்மேன் லைசென்ஸ் இங்கே செல்லுமா, இவைதான் உங்கள் கேள்விகள். கூடவே, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கும் அக்கா சின்னதாக ஒரு மின்சூளை வாங்கி மட்பாண்டம் சுடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பைபாஸ் செய்யாதீர்கள், அதாவது ரிலே வெட்ட முடியாதபடி அதைச் சுற்றி ஒயர் போடாதீர்கள். மற்றதை எல்லாம் பிறகு பேசலாம், இது மட்டும் இன்றைக்கே தெரிய வேண்டியது.

சூப்பர்வைசர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது ஆபத்தான பேச்சு. உலைக்குள் இருக்கும் ஃபயர் பிரிக், ஃபைபர் போர்டு எல்லாமே ஈரத்தை உறிஞ்சும். நம்மூரில் வாரக் கடைசியில் உலையை நிறுத்தினால் காற்று ஓரளவு காய்ந்ததாக இருக்கும், இங்கே வருடம் முழுக்க ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல், மழைக்காலத்தில் விடியற்காலையில் சுவரைத் தொட்டாலே பிசுபிசுக்கும். சனி, ஞாயிறு இரண்டு நாள் கதவு சரியாக மூடாமல் ஆறிக் கிடந்த உலை ஈரத்தைக் குடித்துவிட்டு நிற்கும். திங்களன்று சப்ளை கொடுத்ததும் எலிமென்ட்டில் (சூடேற்றும் கம்பி) இருந்து ஈரச் செங்கல் வழியாக பாடிக்குக் கரன்ட் கசிகிறது, ரிலே பார்த்துவிட்டு வெட்டுகிறது. ஓடிச் சூடானால் ஈரம் போய் கசிவு குறையும் என்பது சரிதான். ஆனால் அந்த முதல் இரண்டு மூன்று மணி நேரம் உலையின் பாடிக்கு எர்த் ஒயர் எங்காவது லூஸாக இருந்தால், டிரே ஏற்ற வரும் பையன் கதவுக் கைப்பிடியைப் பிடித்த இடத்திலேயே முடிந்துவிடும். அப்புறம் இன்னொன்று, பைபாஸ் போட்ட ஒயரை யாரும் சாயங்காலம் எடுப்பதில்லை. அது மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும்.

ஈரம்தான் காரணமா என்று ஊகிக்காமல் அளந்து பார்க்க வேண்டும். இதை நீங்களே செய்யலாமா என்பதைக் கீழே லைசென்ஸ் பற்றிச் சொல்லும் இடத்தில் பாருங்கள். ஐசோலேட்டரை (உலையின் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஆஃப் செய்து உங்கள் பூட்டைப் போட்டு, டேக் மாட்டி, சப்ளை இல்லை என்று உறுதி செய்தபின், கன்ட்ரோலர், எஸ்எஸ்ஆர் (எலிமென்ட்டை ஆன், ஆஃப் செய்யும் எலக்ட்ரானிக் சுவிட்ச்), தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் சென்சார்) எல்லாவற்றையும் கழற்றி விடுங்கள், இல்லாவிட்டால் மெக்கர் (அதிக வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) அவற்றைத் தின்றுவிடும். எலிமென்ட் குரூப் மூன்றையும் ஸ்டார் அல்லது டெல்டா இணைப்பில் (மூன்று ஃபேஸில் இணைக்கும் இரண்டு விதம்) இருந்து பிரித்து, ஒவ்வொன்றையும் பாடிக்கு எதிராக 500 வோல்ட் மெக்கரில் பாருங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரி குறைவாக இருந்தால் அது ஈரம். இரண்டு நன்றாக இருந்து ஒன்று மட்டும் தரைமட்டத்தில் இருந்தால் அங்கே சப்போர்ட் உடைந்து காயில் பாடியைத் தொடுகிறது, அல்லது பாகங்களில் இருந்து உதிர்ந்த ஸ்கேல் (ஆக்சைடு செதில்) விழுந்து பாலம் போட்டிருக்கிறது. இந்த இரண்டாவது வகையை எவ்வளவு சூடாக்கினாலும் சரியாகாது, பைபாஸ் செய்து ஓட்டினால் எரியும். இதே உலை சூடான பிறகு 1000 டிகிரிக்கு மேலே போய் டிரிப் ஆனால் அது வேறு கதை, அந்தச் சூட்டில் செங்கல்லே கொஞ்சம் மின்சாரம் கடத்த ஆரம்பிக்கும், அழுக்கோ உப்போ படிந்த செங்கல் இன்னும் அதிகமாகக் கடத்தும்.

ஈரம் என்று தெரிந்தால் வைத்தியம் எளிது. வெள்ளிக்கிழமை நிறுத்தும்போது கதவை இறுக்கி மூடி ஆறவிடுங்கள். கம்பெனி ஒப்புக்கொண்டால் வாரக் கடைசியில் முழுதாக நிறுத்தாமல் 120, 150 டிகிரியில் சும்மா வைத்திருக்கலாம், கரன்ட் செலவு பெரிதாக ஆகாது. திங்களன்று நேரே 900-க்கு செட் செய்யாமல் 120 டிகிரியில் நிறுத்தி ஈரத்தை வெளியே விட்டபின் ஏற்றுங்கள். ஆவி போகக் கதவைத் திறந்து வைக்கக்கூடாது, கதவு லிமிட் சுவிட்ச் எலிமென்ட்டைக் கட் செய்யும், அதைக் கட்டி வைக்கும் ஆசை வரும். மேலே வென்ட் பிளக் இருக்கும், அதைத் திறந்தால் போதும். ஆன் செய்த நொடியே டிரிப் ஆகும் அளவுக்கு ஈரமாக இருந்தால், பவர் கொடுக்காமல் வெளியில் இருந்து ஹாட் ஏர் புளோயரை வைத்துக் காயவையுங்கள். இதற்குப் பிறகும் கசிவு இருந்தால் ரிலேவின் செட்டிங்கை மாற்றலாமா என்று முடிவு செய்வது லைசென்ஸ் உள்ளவரின் வேலை. உங்கள் வேலையும் இல்லை, சூப்பர்வைசர் வேலையும் இல்லை.

லைசென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். நம்மூர்ச் சான்றிதழ் அனுபவத்துக்குச் சாட்சி, இங்கே அதை வைத்து மின் வேலை செய்ய முடியாது. இங்கே எரிசக்திச் சந்தை ஆணையம் கொடுக்கும் லைசென்ஸ் உள்ளவர்தான் எல்இடபிள்யூ, அதாவது உரிமம் பெற்ற மின் ஊழியர். அதில் மூன்று படி. எலக்ட்ரீஷியன் என்றால் 45 கேவிஏ (உலை போன்ற ஹீட்டருக்கு ஏறக்குறைய கிலோவாட்டுக்குச் சமம்) வரைக்கும், எலக்ட்ரிக்கல் டெக்னீஷியன் என்றால் 150 கேவிஏ வரை டிசைன் செய்யலாம், 500 கேவிஏ வரை இயக்கலாம், இந்த இரண்டும் 1000 வோல்ட்டுக்குள். அதற்கு மேலே இன்ஜினியர். உங்கள் ஒரு உலையே 36 கிலோவாட், இன்னொன்று சேர்ந்தாலே 45-ஐத் தாண்டிவிடும், ஆகவே உங்கள் கம்பெனியின் மின் அமைப்புக்குப் பொறுப்பாக ஒரு எல்இடபிள்யூ பெயர் இருந்தே ஆக வேண்டும். அவர் யார் என்று முதலில் கண்டுபிடியுங்கள். டிபி (மின் விநியோகப் பெட்டி), ஐசோலேட்டர், சப்ளை கேபிள் இவற்றை அவர் இல்லாமல் தொடாதீர்கள். எலிமென்ட் மாற்றுவது, தெர்மோகப்பிள் மாற்றுவது, நான் மேலே சொன்ன மெக்கர் சோதனை போன்ற உலைக்குள் இருக்கும் வேலைகளில் எதை நீங்கள் செய்யலாம், எதை அவர் முன்னால்தான் செய்ய வேண்டும் என்று அவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருப்பது இதுதான். உலை இந்தியாவில் செய்தது என்கிறீர்கள். அதன் பேனலுக்குள் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். சிங்கப்பூரில் 2009-ல் நிறத்தை மாற்றிவிட்டார்கள்: பழுப்பு, கறுப்பு, சாம்பல் மூன்றும் ஃபேஸ், நீலம் நியூட்ரல். ஆக, சப்ளை பக்கம் நியூட்ரலாக இருக்கும் நீலம், உலைப் பேனலுக்குள் 230 வோல்ட் ஃபேஸ். பேனலுக்குள் நியூட்ரலாக இருக்கும் கறுப்பு, சப்ளை பக்கம் ஃபேஸ். ஜூரோங்கில் பழைய கட்டடம் என்றால் ஒரே டிரங்கிங்கில் பழைய நிறமும் புதிய நிறமும் கலந்தே ஓடும். பத்து வருடம் கை பழகிய நிறத்தை நம்பிக் கை வைத்தால் போதும், அனுபவமே ஆளைக் கொன்றுவிடும். நிறத்தைப் பார்த்து எந்த ஒயரையும் தொடாதீர்கள். டெஸ்டரை முதலில் லைவ் என்று தெரிந்த இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் பார்த்து, திரும்பவும் லைவ் இடத்தில் பார்த்தபின்தான் கை. நியான் ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரை நம்பி இந்த வேலை வேண்டாம். டெர்மினல் ஒவ்வொன்றுக்கும் எல்1, எல்2, எல்3, என் என்று ஃபெர்ரூல் (ஒயர் முனையில் மாட்டும் அடையாள வளையம்) போடச் சொல்லி எல்இடபிள்யூவிடம் கேளுங்கள்.

வோல்டேஜும் வேறு. அந்த உலையின் பிளேட்டில் 415 வோல்ட் என்று இருக்கும், இங்கே 400. பவர் வோல்டேஜின் வர்க்கத்தில் குறையும், அதனால் 36 கிலோவாட் இங்கே சுமார் 33 கிலோவாட்தான் கொடுக்கும், லைனுக்கு 50 ஆம்பியர் வரவேண்டிய இடத்தில் 48 வரும். சூடேற நேரம் எடுக்கிறது என்று யாராவது புகார் சொன்னால் எலிமென்ட் போய்விட்டது என்று அவசரப்படாதீர்கள். டாங் டெஸ்டரில் (ஒயரைச் சுற்றிப் பிடித்துக் கரன்ட் அளக்கும் மீட்டர்) மூன்று லைனையும் வாரம் ஒருமுறை பார்த்து நோட்டில் எழுதி வையுங்கள். டெல்டாவில் ஒரு குரூப் அறுந்தால் ஒரு லைன் 48-லேயே நிற்கும், மற்ற இரண்டும் 28 பக்கம் இறங்கும். மூன்றும் சேர்ந்து மாதா மாதம் மெல்ல இறங்கினால் எலிமென்ட் வயதாகிறது. சிலிக்கான் கார்பைட் ராடு என்றால் இது வேகமாக நடக்கும், அதில் பழைய ராடுகளுக்கு நடுவில் ஒரு புது ராடைச் செருகாதீர்கள், ரெசிஸ்டன்ஸ் பொருந்தாது. காந்தால் என்ற உலோகக் கலவைக் காயில் என்றால் ஒருமுறை சூடானபின் குளிர்ந்த நிலையில் வளைக்காதீர்கள், பட்டென்று ஒடியும்.

பேனலில் மூன்று இடத்தைக் கவனியுங்கள். ஒன்று எலிமென்ட் டெர்மினல்: சூடாகி ஆறி, சூடாகி ஆறி நட்டு தளரும், ஒயர் முனையில் இருக்கும் லக் நிறம் மாறும், பிறகு தீ. சப்ளையை ஆஃப் செய்து பூட்டியபின், ஆறிய நிலையில் டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையைக் காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள், அந்த இடத்தில் சாதாரண பிவிசி ஒயர் வேண்டாம், அது 70 டிகிரிக்குத்தான், சிலிக்கான் அல்லது கண்ணாடி இழை ஒயர் போடுங்கள். அடுத்தது எஸ்எஸ்ஆர். இது கெட்டால் பெரும்பாலும் ஆன் ஆன நிலையிலேயே ஷார்ட்டாகி நிற்கும், கன்ட்ரோலர் எவ்வளவு ஆஃப் சொன்னாலும் உலை ஏறிக்கொண்டே போகும். அதனால் தனியாக ஒரு ஓவர் டெம்பரேச்சர் கன்ட்ரோலர், அதற்குத் தனி தெர்மோகப்பிள், அது இழுக்கும் தனி காண்டாக்டர் (பவரை வெட்டும் பெரிய சுவிட்ச்), மூன்றும் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று செட் பாயிண்ட்டைக் கீழே இறக்கிச் சோதித்துப் பாருங்கள். கம்பெனிகளில் இதைத்தான் கண்டுகொள்வதே இல்லை. கடைசியாக தெர்மோகப்பிள்: பிளஸ், மைனஸ் மாற்றி மாட்டினால் சூடு ஏற ஏற ரீடிங் இறங்கும், கன்ட்ரோலர் இன்னும் பவர் ஊற்றும். ஒயர் அறுந்தால் ரீடிங் மேலே போய் ஹீட்டர் கட் ஆகும்படி செட் செய்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இங்கே கரன்ட் போவது அபூர்வம், அதனால் யாரும் அதை எதிர்பார்ப்பதில்லை, ஆனால் வோல்டேஜ் ஒரு நொடி இறங்கிக் காண்டாக்டர் விழுவது நடக்கும். திரும்ப வரும்போது உலை தானாக ஆன் ஆகக்கூடாது, ஆள் போய் அழுத்தினால்தான் ஆன் ஆக வேண்டும்.

உலையின் உள்பக்க லைனிங்கைப் பிரிக்கும் வேலை வந்தால் தூசி விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். வெகுநாள் அதிக சூட்டில் இருந்த செராமிக் ஃபைபரில் கிறிஸ்டோபலைட் என்ற சிலிக்கா உருவாகியிருக்கும், அது நுரையீரலுக்குக் கேடு. ஈரப்படுத்திப் பிரிக்க வேண்டும், சரியாகப் பொருந்தும் மாஸ்க் வேண்டும், காற்றடித்துச் சுத்தம் செய்யக்கூடாது. பழைய உலையில் கதவு இடுக்கை அடைக்கும் ரோப் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், சந்தேகம் வந்தால் தொடாமல் நிறுத்திச் சொல்லுங்கள்.

பெர்மிட் பயம். எனக்கு அது புரிகிறது, ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் தலையில் இருக்கும்போது சூப்பர்வைசர் முகம் சுளித்தாலே வயிறு கலங்கும். ஆனால் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளி மேல் பொறுப்பைப் போடுகிறது, பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே முடக்குவது அந்தச் சட்டத்தில் உங்கள் மேலேயும் குற்றமாக வரும். ஆகவே பைபாஸ் போட்ட பிறகு ஒருவர் செத்தால், "சூப்பர்வைசர் சொன்னார்" என்று நீங்கள் தப்ப முடியாது. சண்டை போட வேண்டாம். "அண்ணே, மெக்கர் ரீடிங் இவ்வளவு இருக்கு, எல்இடபிள்யூ பார்த்துட்டு சொல்லட்டும்" என்று வாட்ஸ்அப்பில் எழுதுங்கள், வாயால் மட்டும் சொல்லாதீர்கள். எழுத்தில் வந்ததும் பெரும்பாலான சூப்பர்வைசர்கள் நிதானமாகிவிடுவார்கள். அதையும் மீறி வற்புறுத்தினால் மனிதவள அமைச்சிடம் சொல்லலாம், வெளிநாட்டு ஊழியர் நிலையத்தில் தமிழிலேயே பேசலாம். தீ என்றாலும் ஷாக் என்றாலும் 995. ஷாக் அடித்தவரைத் தொடும் முன்னால் ஐசோலேட்டரை இழுங்கள்.

அக்காவின் சூளை. 3 கிலோவாட் சூளை 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும், அதாவது இங்குள்ள மூன்று பின் பிளக்கின் முழு எல்லை. அந்த எல்லையில் மணிக்கணக்காக ஓடினால் பிளக் உருகும், எக்ஸ்டென்ஷனில் மாட்டினால் நினைத்தே பார்க்க வேண்டாம். தனி சர்க்யூட் இழுக்க எல்இடபிள்யூ வேண்டும், வீவகவிடமும் கேட்க வேண்டும், பழைய வீடு என்றால் மெயின் சுவிட்சே 30 ஆம்பியராக இருக்கலாம், ஏசியும் வாட்டர் ஹீட்டரும் ஓடும் வீட்டில் அது தாங்காது. அதோடு களிமண் வேகும்போது வரும் புகை மூடிய வீட்டுக்குள் நல்லதில்லை. என் அபிப்பிராயம், வேண்டாம். பாத்திரத்தை வீட்டில் வனையட்டும், சுடுவதற்கு மட்டும் கட்டணம் வாங்கிச் சுட்டுத் தரும் மட்பாண்டக் கூடங்கள் இருக்கின்றன, அங்கே கொடுக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நேரம் கிடைத்தால் ஜூரோங் பக்கம் லோரோங் தாவாஸில் இருக்கும் பழைய டிராகன் சூளைக்கு அக்காவை அழைத்துப் போங்கள், அது விறகுச் சூளை, நீளமாக மேட்டில் ஏறிப் போகும், பார்க்க வேண்டியது.

எல்இடபிள்யூ வந்து மெக்கர் பார்த்ததும் மூன்று குரூப் ரீடிங்கையும், உலை எத்தனை டிகிரியில் இருந்தது என்பதையும் எழுதுங்கள். எந்த எலிமென்ட், ஸ்டார் இணைப்பா டெல்டாவா என்பதும் தெரிந்தால் அடுத்து எங்கே தேடலாம் என்று சொல்கிறேன்.